மெட்டாகிளாஸ் எழுதப் போகிறீர்களா? நான் மாட்டிய இடங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள்

பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரிக்கு பில்லிங் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். ஆபீஸ் பாண்டியில், வீடு கடலூர் முதுநகரில். முந்திரிப் பருப்பில் தரம் நிறைய. டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டுக்கு 220-லிருந்து 240 பருப்பு நிற்கும், டபிள்யூ 320 என்றால் 300-லிருந்து 320. எண் ஏற ஏறப் பருப்பு சிறுத்துக்கொண்டே போகும், விலையும் இறங்கும். பைத்தானில் ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு கிளாஸ் எழுதி, கடைசியில் ஒரு ஃபைலில் 'இந்தக் குறிக்கு இந்தக் கிளாஸ்' என்று ஒரு டிக்‌ஷனரியில் கையால் சேர்த்துவிடுவோம்.

ஒரு நாள் டபிள்யூ 210-க்குப் புதிதாகக் கிளாஸ் எழுதினேன், டிக்‌ஷனரியில் சேர்க்க மறந்துவிட்டேன். குறி கிடைக்காவிட்டால் பொது விலையை எடுத்துக்கொள் என்று யாரோ எப்போதோ எழுதிவைத்திருந்தார்கள், அந்தப் பொது விலை 320-இன் விலை. இரண்டு பில் அப்படியே போய்விட்டது. முதலாளி போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

இனிமேல் கையால் சேர்ப்பதே கூடாது, கிளாஸ் எழுதினாலே பட்டியலில் தானாக ஏறிவிட வேண்டும் என்று தேடியபோதுதான் மெட்டாகிளாஸ், அதாவது கிளாஸையே உருவாக்குகிற கிளாஸ், என்ற சொல் கண்ணில் பட்டது. எங்கிருந்தோ பத்து வரி காப்பி எடுத்து ஒட்டினேன். எரர் இல்லை. பட்டியலும் இல்லை. காலியாகவே இருந்தது. அதை அவிழ்க்க விட்டு விட்டு மூன்று வாரம் போனது. நீங்கள் அவ்வளவு நாள் செலவழிக்க வேண்டாம், இரண்டு மாலை போதும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: கோட் எதையும் இங்கே ஒட்டப் போவதில்லை, எதிரே உட்கார்ந்து சொல்வது போலச் சொல்கிறேன், நீங்களே டைப் செய்யுங்கள். ஒட்டினால் காப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள், நான் மாட்டியதே அப்படித்தான். இருபக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டு வரும் பெயர்களை வழக்கம்போல 'டண்டர்' என்கிறேன். டண்டர் நியூ என்றால் நியூ என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டு அடிக்கோடு.

1. வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

மெட்டாகிளாஸ் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. எனக்கும் பாதி வேலைக்குத் தேவைப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கணக்கு இதுதான். கிளாஸ் பிறந்த பிறகு செய்யக்கூடிய வேலை என்றால் மெட்டாகிளாஸ் வேண்டாம். பிள்ளை பிறந்த பிறகு ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதற்குப் பிரசவ அறைக்குள் நீங்கள் இருக்க வேண்டியதில்லை அல்லவா. பட்டியலில் சேர்ப்பது, தேவையான மெத்தட் இருக்கிறதா என்று சோதிப்பது, ஒன்றிரண்டு விஷயங்களை ஒட்டவைப்பது எல்லாம் இந்த ரகம்.

ஒரே ஒரு கிளாஸில் மாற்றம் வேண்டுமானால் கிளாஸ் டெக்கரேட்டர் போதும். ஒரு தாய்க் கிளாஸின் வாரிசுகள் எல்லாவற்றுக்கும் வேண்டுமானால் டண்டர் இனிட் சப்கிளாஸ் இருக்கிறது, பைத்தான் 3.6-லிருந்து. கிளாஸுக்குள் வைத்த ஒரு பொருளுக்குத் தன் பெயர் என்னவென்று தெரிய வேண்டுமானால் டண்டர் செட் நேம், அதுவும் 3.6-லிருந்து.

மெட்டாகிளாஸ் இல்லாமல் முடியாதவை என்று என் அனுபவத்தில் மிஞ்சுவது மூன்று. கிளாஸின் உடல் ஓடும்போதே அதற்குள் என்ன எழுதப்படுகிறது என்று பார்ப்பது. கிளாஸையே லென்னுக்குள் போடுவது, ஃபார் லூப்பில் ஓடவிடுவது. enum என்ற பைத்தானின் சொந்த மாட்யூல் இப்படித்தான் வேலை செய்கிறது, அதன் கிளாஸை நேராக லூப்பில் விடலாம். மூன்றாவது, கிளாஸை அழைத்து ஆப்ஜெக்ட் உருவாக்கும் அந்தக் கணத்தில் குறுக்கே நிற்பது.

இந்த மூன்றாவதைச் சொன்னதும் 'ஒரே ஆப்ஜெக்ட்தான் இருக்க வேண்டும்' என்று சிங்கிள்டன் எழுதப் போவார்கள். வேண்டாம். ஒரு மாட்யூலில் ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி வைத்து, எல்லா இடத்திலும் அதை இம்போர்ட் செய்யுங்கள், முடிந்தது.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பணச் செலவு எதுவும் இல்லை. பைத்தான் இலவசம், ஆவணங்களும் இலவசம். இதற்காக யாராவது வகுப்பு நடத்துகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பைத்தான் பதிப்பை முதலில் பாருங்கள். 3.6-க்குக் கீழே இருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி ஓடாது. உங்கள் லேப்டாப்பில் 3.12 இருந்து வாடிக்கையாளர் சர்வரில் பழசு இருக்கலாம், அங்கேயும் பாருங்கள்.

படிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பைத்தான் மொழிக் கையேட்டில் மூன்றாம் அத்தியாயம், டேட்டா மாடல். அதில் 3.3.3 என்ற பகுதி, கிளாஸ் உருவாவதை மாற்றியமைப்பது பற்றியது. அரை மணி நேரம்தான் ஆகும். கீழே 4-ஆம் படிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை படியுங்கள், இரண்டாம் தடவைதான் புரியும். பெப் (PEP) என்பவை பைத்தானில் மாற்றம் கேட்டு எழுதும் முன்மொழிவுகள்; பெப் 487, பெப் 3115 இரண்டும் 'ஏன் இப்படி வைத்தார்கள்' என்று சொல்பவை, அவற்றை முதலில் திறந்தால் தலை சுற்றும்.

இனி எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் உதாரணத்தில், கிளாஸுக்குள் முதல் வரியாக 'டண்டர் மெட்டாகிளாஸ் = ஏதோ ஒன்று' என்று இருந்தால் உடனே மூடிவிடுங்கள். அது பைத்தான் 2-இன் முறை. பைத்தான் 3 அந்த வரியைச் சாதாரண மாறி என்று நினைத்துக் கடந்து போய்விடும், எரர் தராது, எச்சரிக்கை தராது. என் பட்டியல் காலியாக இருந்ததற்குக் காரணம் அந்த ஒரு வரி. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது, ஆனால் அந்தக் காலத்துப் பதிவுகள் தேடலில் இன்னும் முதலில் வந்து நிற்கின்றன. பைத்தான் 3-இல் கிளாஸ் பெயருக்குப் பின்னால் வரும் அடைப்புக்குறிக்குள்தான் 'மெட்டாகிளாஸ் = காவல்' என்று எழுத வேண்டும் (காவல் என்பது 6-ஆம் படியில் நாம் எழுதப்போகும் மெட்டாகிளாஸின் பெயர்).

3. டைப்போடு பதினைந்து நிமிடம்

பைத்தானைத் திறந்து டைப்பிடம் 5-ஐக் கொடுங்கள், இன்ட் என்று சொல்லும். இன்ட்டைக் கொடுங்கள், டைப் என்று சொல்லும். டைப்பையே கொடுங்கள், அதற்கும் டைப்தான். அதாவது கிளாஸும் ஓர் ஆப்ஜெக்ட்தான், அதை உருவாக்குகிற கிளாஸ்தான் மெட்டாகிளாஸ், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது டைப்.

அடுத்து டைப்புக்கு மூன்று மதிப்பு கொடுங்கள்: பெயர் ஒரு ஸ்ட்ரிங்காக, தாய்க் கிளாஸ்கள் ஒரு டியூப்பிளாக, உள்ளே இருக்க வேண்டியவை ஒரு டிக்‌ஷனரியாக. கிளாஸ் என்ற சொல்லே எழுதாமல் ஒரு கிளாஸ் கிடைக்கும். தாய் ஒன்றே ஒன்று என்றால் டியூப்பிளில் அதன் பின் ஒரு கமா போட மறக்காதீர்கள், இதில் எல்லோரும் ஒரு தடவையாவது விழுவார்கள்.

இதைச் செய்து பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நான் இதைத் தாண்டிப் போனதால்தான் மூன்று வாரம்.

4. எது எப்போது ஓடுகிறது

மெட்டாகிளாஸில் கஷ்டமே இந்த நேரக் கணக்குதான். மற்றதெல்லாம் சாதாரண பைத்தான்.

ஒரு சோதனை ஃபைல் திறந்து, டைப்பிலிருந்து வாரிசாக ஒரு மெட்டாகிளாஸ் எழுதுங்கள். அதில் டண்டர் பிரிப்பேர், டண்டர் நியூ, டண்டர் இனிட், டண்டர் கால் நான்கையும் எழுதி, ஒவ்வொன்றிலும் முதல் வரியில் தன் பெயரைப் பிரின்ட் செய்து, பிறகு சூப்பரை அழைத்து, அது தருவதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். பிரிப்பேரின் தலையில் மட்டும் கிளாஸ்மெத்தட் டெக்கரேட்டர் போடுங்கள், ஏன் என்று 6-ஆம் படியில் சொல்கிறேன். அடுத்து அந்த மெட்டாகிளாஸை வைத்து ஒரு தாய்க் கிளாஸ், அதில் டண்டர் இனிட் சப்கிளாஸ், அதிலும் ஒரு பிரின்ட். கடைசியில் ஒரு வாரிசுக் கிளாஸ், அதன் உடலிலேயே 'உடல் ஓடுகிறது' என்று ஒரு பிரின்ட். ஓட்டிப் பாருங்கள்.

வாரிசுக் கிளாஸுக்கு வரும் வரிசை இது. முதலில் பிரிப்பேர்: பந்தியில் ஆள் உட்காரும் முன் இலை போடுவது போல, கிளாஸில் வரப்போகும் பெயர்களுக்கு ஒரு காலி டிக்‌ஷனரியை எடுத்து வைப்பது. அடுத்து உடல், அந்த இலையில் ஒவ்வொன்றாகப் பரிமாறப்படும். பிறகு மெட்டாகிளாஸின் நியூ. அந்த நியூவுக்குள் நீங்கள் சூப்பரை அழைக்கும்போது, டைப் கிளாஸை உருவாக்கி, செட் நேம்களை அழைத்து, அதன் பிறகு தாயின் இனிட் சப்கிளாஸை அழைத்துவிட்டுத்தான் திரும்பி வரும். கடைசியில் மெட்டாகிளாஸின் இனிட். கிளாஸ் தலையில் டெக்கரேட்டர் இருந்தால் எல்லாம் முடிந்த பிறகு அது.

இதில் ஒரு குழி. நியூவில் சூப்பரை அழைத்த பிறகு கிளாஸில் ஏதாவது ஒட்டுகிறீர்கள் என்று வையுங்கள், இனிட் சப்கிளாஸ் ஓடும்போது அது அங்கே இருக்காது. அது ஏற்கெனவே ஓடி முடிந்துவிட்டது. 'மெட்டாகிளாஸில் வைத்தேனே, ஏன் இல்லை' என்று ஒரு முழு மாலை உட்கார்ந்திருந்தேன், அன்றைக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் தவளக்குப்பம் தாண்டும்போதுதான் உறைத்தது. சூப்பரை அழைக்கும் முன்பே டிக்‌ஷனரியில் வைத்திருந்தால் இருந்திருக்கும்.

டண்டர் கால் மேலே சொன்ன வரிசையில் வரவே இல்லை, கவனித்தீர்களா? அது கிளாஸ் உருவாகும்போது ஓடாது. அந்தக் கிளாஸை அழைத்து ஆப்ஜெக்ட் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஓடும், அதற்குள்தான் கிளாஸின் சொந்த நியூவும் இனிட்டும் வரும். மெட்டாகிளாஸின் இனிட்டும் கிளாஸின் இனிட்டும் வேறு வேறு, முன்னது கிளாஸுக்கு ஒரு தடவை, பின்னது ஆப்ஜெக்டுக்கு ஒரு தடவை. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்வது சகஜம்.

இன்னொன்று, இவை எல்லாம் ஓடுவது அந்த ஃபைல் இம்போர்ட் ஆகும் நேரத்தில். பில் போடும் நேரத்தில் அல்ல.

5. பதிவேடு: மெட்டாகிளாஸ் இல்லாமலே

எனக்கு வேண்டியிருந்த முதல் பாதி இது. தாய்க் கிளாஸுக்குப் பருப்பு என்று பெயர் வைத்தேன். பைத்தான் 3-இல் மாறிக்கும் கிளாஸுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஆபீஸில் சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள்.

பருப்பு கிளாஸுக்குள் பதிவேடு என்று ஒரு காலி டிக்‌ஷனரி. அடுத்து டண்டர் இனிட் சப்கிளாஸ். அது வாங்க வேண்டியவை மூன்று: வாரிசுக் கிளாஸ், குறி என்ற பெயருள்ள மதிப்பு, இரட்டை நட்சத்திரத்தோடு மற்றவை. முதல் வரியில் சூப்பரின் இனிட் சப்கிளாஸை மற்றவையோடு அழையுங்கள். அடுத்து, அந்தக் குறி பதிவேட்டில் ஏற்கெனவே இருந்தால் எரர் எழுப்புங்கள், இல்லாவிட்டால் குறியைச் சாவியாக வைத்துக் கிளாஸைச் சேருங்கள். கிளாஸ்மெத்தட் டெக்கரேட்டர் இதற்கு வேண்டாம், பைத்தான் தானே பார்த்துக்கொள்ளும்.

வாரிசு எழுதும்போது அடைப்புக்குறிக்குள் பருப்பு, கமா, 'குறி = டபிள்யூ 210'. அவ்வளவுதான்.

குறிக்கு டிஃபால்ட் மதிப்பு வைக்காதீர்கள். நடுவில் பதிவேட்டில் ஏறக்கூடாத ஒரு கிளாஸ் வருமே என்று நன் (None) என்பதை டிஃபால்ட்டாக வைக்கத் தோன்றும். வைத்தால், குறி எழுத மறந்தவனுக்கு எரர் வராது, நாம் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம். நடுக் கிளாஸ் எழுதுபவர் 'குறி = நன்' என்று கையால் எழுதட்டும், இனிட் சப்கிளாஸில் நன் வந்தால் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

இதே வேலையை மெட்டாகிளாஸின் நியூவில் செய்தால் தாய்க் கிளாஸான பருப்பும் அதன் வழியே வரும், அதை விலக்க தனியாக ஒரு இஃப் எழுத வேண்டும். இனிட் சப்கிளாஸ் தாய்க்கு ஓடாது, வாரிசுக்கு மட்டும்தான். இந்த ஒரு காரணத்துக்கே நான் இதைத்தான் எடுப்பேன்.

6. மெட்டாகிளாஸ்: ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் பிடிப்பது

இரண்டாவது பாதி. எங்கள் டபிள்யூ 240 கிளாஸ் இருநூறு வரிக்கு மேல் வளர்ந்துவிட்டது. அதில் மேலே ஒரு விலை மெத்தட், கீழே யாரோ ஒட்டிவிட்டுப் போன இன்னொரு விலை மெத்தட். பைத்தான் ஒன்றும் சொல்லாது, கீழே இருப்பதை எடுத்துக்கொள்ளும். நான் மேலே இருந்ததை மதியம் முழுக்கத் திருத்தித் திருத்திப் பார்க்கிறேன், பில்லில் ஒரு பைசா மாறவில்லை. கடைசியில் அந்த மெத்தட்டையே அழித்தேன், அப்போதும் பில் வந்தது. அப்போதுதான் புரிந்தது.

இதைக் கிளாஸ் பிறந்த பிறகு பிடிக்க முடியாது, ஏனென்றால் அதற்குள் முதல் மெத்தட் போய்விட்டிருக்கும். உடல் ஓடும்போதே பிடிக்க வேண்டும், அதற்கு பிரிப்பேர் வேண்டும், பிரிப்பேர் மெட்டாகிளாஸில்தான் இருக்கும். பைலிண்ட் போன்ற கருவிகளும் இதைப் பிடிக்கும், உங்கள் ஆபீஸில் அதை ஒழுங்காக ஓட்டுகிறீர்கள் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். எங்கள் ஆபீஸில் ஓட்டுவதில்லை.

முதலில் டிக்டிலிருந்து வாரிசாக ஒரு சிறு கிளாஸ், பெயர் கண்டிப்பு. அதில் டண்டர் செட் ஐட்டம் என்ற ஒரே மெத்தட். வருகிற சாவி ஏற்கெனவே உள்ளே இருந்தால் டைப் எரர் எழுப்பு, எழுப்பும்போது சாவியின் பெயரையும் செய்தியில் சொல். இல்லாவிட்டால் சூப்பரின் செட் ஐட்டத்தை அழை.

அடுத்து டைப்பிலிருந்து வாரிசாகக் காவல் என்ற மெட்டாகிளாஸ். அதில் டண்டர் பிரிப்பேர் மட்டும். மெட்டாகிளாஸ், பெயர், தாய்கள், இரட்டை நட்சத்திரத்தோடு மற்றவை என்று நான்கையும் வாங்கி, ஒரு காலிக் கண்டிப்பைத் திருப்பித் தர வேண்டும். இதன் தலையில் கிளாஸ்மெத்தட் டெக்கரேட்டர் கட்டாயம், இங்கே பைத்தான் தானாகப் போட்டுக்கொள்ளாது, மறந்தால் ஒரு மதிப்பு குறைகிறது என்று எரர் வரும். மற்றவை என்பதை விட்டுவிட்டால் 'குறி' வரும்போது எரர், அந்தக் குறி பிரிப்பேர், நியூ, இனிட், இனிட் சப்கிளாஸ் எல்லா வாசலிலும் ஏறி இறங்கும்.

நியூ எழுத வேண்டியதே இல்லை. டைப்பின் நியூ அந்தக் கண்டிப்பில் இருப்பதைச் சாதாரண டிக்‌ஷனரிக்குள் பிரதி எடுத்துக்கொண்டு கண்டிப்பை விட்டுவிடும், அதனால் கிளாஸ் உருவான பிறகு வெளியிலிருந்து மெத்தட்டை மாற்றுவதை இது தடுக்காது.

பருப்பு கிளாஸின் அடைப்புக்குறிக்குள் 'மெட்டாகிளாஸ் = காவல்' என்று எழுதுங்கள். வாரிசுகளில் எழுத வேண்டாம், தானே வரும்.

ஓட்டிப் பார்த்தேன், முதல் ஃபைலிலேயே எரர். ஆனால் அது நியாயமான எரர் இல்லை. பிராப்பர்ட்டி வைத்து, அதற்கே செட்டர் எழுதும்போது ஒரே பெயர் இரண்டாம் முறை வருவதுதான் வழக்கம். அதனால் கண்டிப்பில் ஒரு விலக்கு: ஏற்கெனவே இருப்பதும் புதிதாக வருவதும் இரண்டுமே பிராப்பர்ட்டி என்றால் விட்டுவிடு. இதைச் சேர்த்த பிறகு வந்த எரர்கள் மூன்றும் நிஜமான இரட்டைகள்.

7. விழக்கூடிய இடங்கள்

அ. நியூ எழுதினால் கிளாஸைத் திருப்பித் தர மறக்காதீர்கள். மறந்தால் கிளாஸ் பெயரில் நன் உட்கார்ந்திருக்கும், அந்த இடத்தில் எரர் வராது, எங்கோ தொலைவில் கிளாஸை அழைக்கும்போது 'நன்டைப்பை அழைக்க முடியாது' என்று வரும்.

ஆ. மெட்டாகிளாஸ் மோதல். பருப்பை ஏபிசி (ABC) என்ற பைத்தானின் சொந்தத் தாய்க் கிளாஸின் வாரிசாகவும் ஆக்கினேன், உடனே மெட்டாகிளாஸ் கான்ஃபிளிக்ட் என்ற டைப் எரர். ஏபிசிக்கு ஏபிசி மெட்டா என்று தனி மெட்டாகிளாஸ் உண்டு, நம்முடையது காவல், எது என்று பைத்தானுக்குத் தெரியவில்லை. காவலை டைப்பிலிருந்து எடுக்காமல் ஏபிசி மெட்டாவிலிருந்து எடுங்கள், தீர்ந்தது. ஜாங்கோ மாடலோடு கலக்க வேண்டி வந்தாலும் இதேதான்: இரண்டு மெட்டாகிளாஸையும் தாயாக வைத்து உள்ளே ஒன்றும் இல்லாத மூன்றாவது ஒன்று. ஆனால் ஜாங்கோ தன் மெட்டாகிளாஸில் நிறைய வேலை செய்கிறது, அதோடு உரசாமல் இருப்பதுதான் நல்லது.

இ. நியூவில் டிக்‌ஷனரியை வடிகட்டிப் புதிதாகக் கொடுக்கும்போது, அடிக்கோட்டில் தொடங்குவதையெல்லாம் தள்ளிவிடத் தோன்றும். அதில் டண்டர் கிளாஸ்செல் என்ற ஒன்று இருக்கும், மெத்தட்டுக்குள் வெறும் சூப்பர் எழுதினால் அது வேலை செய்ய இதுதான் ஆதாரம். தள்ளிவிட்டால் 3.8-லிருந்து ரன்டைம் எரர்.

ஈ. ஒவ்வொரு தரத்தையும் தனித்தனி ஃபைலில் வைத்தால், இம்போர்ட் ஆகாத ஃபைலின் கிளாஸ் பதிவேட்டில் இருக்காது. பேக்கேஜின் இனிட் ஃபைலில் எல்லாவற்றையும் இம்போர்ட் செய்தேன். ஒரு வாரம் கழித்து எடிட்டர் 'பயன்படாத இம்போர்ட்' என்று அவற்றைத் துடைத்துவிட்டது. அந்த வரிகளின் மேல் ஒரு குறிப்பு எழுதுங்கள், எடிட்டரிலும் அந்த ஃபைலுக்கு விலக்கு கொடுங்கள்.

உ. டேட்டாகிளாஸில் ஸ்லாட்ஸ் போட்டால், அது கிளாஸை இரண்டாம் முறை புதிதாக உருவாக்கும், அந்த இரண்டாம் முறை குறியைக் கொடுக்காது. நீங்கள் குறி கொடுத்திருந்தும் கொடுக்கவில்லை என்று எரர் வரும். என்னால் இதற்கு அழகான வழி காண முடியவில்லை, பருப்பு வாரிசுகளில் ஸ்லாட்ஸ் போடுவதை விட்டுவிட்டேன்.

ஊ. ஜூபிட்டரில் அதே செல்லை மறுபடி ஓட்டினால் 'குறி ஏற்கெனவே இருக்கிறது' என்று வரும். பழைய கிளாஸும் புதியதும் ஒரே மாட்யூல், ஒரே முழுப்பெயர் என்றால் மாற்றிக்கொள் என்று ஒரு விலக்கு போதும்.

எ. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும். முதலில் நான் குறி கேட்காமல் கிளாஸின் பெயரையே சாவியாக வைத்திருந்தேன். உடைக்காத முந்திரிக்குக் கொட்டை என்று ஒரு கிளாஸ். வியாபாரி கொடுத்த ஃபைலிலும் கொட்டை என்றுதான் இருக்கிறது, பதிவேட்டிலும் கொட்டை, ஆனால் கிடைக்கவில்லை. இரண்டையும் லென்னில் போட்டேன், ஒன்று 6, இன்னொன்று 7! பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய அந்த ஃபைலில் 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாக இருந்தன, திரையில் வித்தியாசமே தெரியாது. பைத்தான் கிளாஸ் பெயரை என்.எஃப்.கே.சி. முறையில் ஒன்றாக்கிவிடும், வெளியிலிருந்து வரும் ஸ்ட்ரிங்கைத் தொடாது. ஃபைலிலிருந்து படித்த உடனே யூனிகோட் டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் வழியாக விடுங்கள். இது மெட்டாகிளாஸின் குற்றம் இல்லை, ஆனாலும் பழியை அதன் மேல்தான் போட்டேன்.

8. செலவு

இயந்திர நேரம் பெரிய விஷயமில்லை. பிரிப்பேர், நியூ, இனிட் மூன்றும் ஒரு கிளாஸுக்கு ஒரு தடவை இம்போர்ட்டில் ஓடி முடிந்துவிடும். டண்டர் கால் எழுதினால் மட்டும் யோசியுங்கள், லட்சம் ஆப்ஜெக்ட் உருவாக்கினால் லட்சம் தடவை ஓடும்.

ஆள் நேரம்தான் செலவு. 3, 4 படிகளுக்கு ஒரு மாலை, 5, 6-க்கு இன்னொன்று, டெஸ்ட்டுக்குத் தனியாக அரை நாள் வையுங்கள். அப்புறம் உங்களுக்குப் பிறகு அந்தக் கோடில் கை வைக்கப்போகிறவருக்கு ஆகும் நேரம். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் என் மேஜைக்கு வந்து, "அண்ணே, இந்தக் கிளாஸை யாருமே எங்கேயும் கூப்பிடல, அழிச்சிடட்டுமா?" என்றார். தேடிப் பார்த்தால் உண்மையிலேயே எங்கும் அந்தப் பெயர் இல்லைதான், பதிவேடு வழியாக மட்டுமே வருகிறது. நல்ல வேளை, கேட்டார்.

9. ஆபீஸ் கோடில் சேர்ப்பதற்கு முன்

பருப்பு கிளாஸின் தலையில் ஐந்து வரிக் குறிப்பு எழுதுங்கள்: வாரிசு எழுதினாலே பதிவேட்டில் ஏறும், குறி கட்டாயம், ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் எரர், இம்போர்ட் இந்த ஃபைலில், 'எங்கும் அழைக்கப்படவில்லை' என்று அழிக்காதே.

டெஸ்ட் மூன்று போதும். எல்லாக் குறியும் பதிவேட்டில் இருக்கிறதா, ஒரே குறியை இரண்டு தடவை கொடுத்தால் எரர் வருகிறதா, ஒரே மெத்தட்டை இரண்டு தடவை எழுதினால் எரர் வருகிறதா. டெஸ்ட்டுக்குள் உருவாக்கும் கிளாஸ்களும் நிஜப் பதிவேட்டிலேயே ஏறும், அதனால் டெஸ்ட்டுக்கு முன் பதிவேட்டைப் பிரதி எடுத்து வைத்து, முடிந்ததும் திரும்ப வைத்துவிடுங்கள். 'கிடைக்காவிட்டால் பொது விலை' என்ற அந்த வரியையும் எடுத்துவிட்டு எரர் வையுங்கள்.

கையால் எழுதிய பழைய டிக்‌ஷனரியை உடனே அழிக்காதீர்கள். ஒரு வாரம் இரண்டையும் வைத்துக்கொண்டு, நிரல் தொடங்கும்போது ஒப்பிட்டு வித்தியாசத்தை லாக்கில் எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு முதல் நாள் காலையிலேயே புதியதில் 14, பழையதில் 13 என்று வந்தது. விட்டுப்போயிருந்தது டபிள்யூ 450, யாரும் அதுவரை அதற்கு பில் போடாததால் தெரியாமலே கிடந்திருக்கிறது.